முதல் வகுப்பு ஏமாந்தவர்

பொய்ப்பல் கட்டுகிறவன் பொய்க் கடிகாரம் வாங்கினதில் என்ன அதிசயம் என்று நீங்கள் கேட்கலாம். அதிசயம் ஒன்றுமில்லைதான். வாங்கினதோடு அவன் நின்றிருந்தால் நானும் இதைச் சொல்ல வந்திருக்க மாட்டேன். அவன் போய் ஒரு சங்கத்தில் சேர்ந்தான். அங்கேதான் பிடித்தது சனி.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள். நாற்பத்திரண்டு வயது, தனிக்கட்டை. பல் மருத்துவர்களுக்குப் பல்செட் செய்துகொடுக்கும் பட்டறை வைத்திருந்தான். ஒரு மேசை, ஒரு சுழல்சக்கரம், சுவரோரம் வரிசையாக வாய் பிளந்து நிற்கும் சாந்து அச்சுகள், எந்நேரமும் உருகிய மெழுகின் வாசனை. அவன் வேலையின் சிறப்பே, அப்படி ஒரு வேலை நடந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியக் கூடாது என்பதுதான். 'உங்க பல்லு ரொம்ப அழகா இருக்கே' என்று யாராவது சொல்லிவிட்டால் அவனுக்கு அது தோல்வி. எதிராளிக்கு ஒன்றுமே தோன்றாமல் இருந்தால் அதுதான் வெற்றி. இருபது வருஷமாக இப்படி யாருக்கும் தெரியாமலே ஜெயித்துக்கொண்டிருந்தவனுக்கு, தன் உடம்பில் ஏதாவது ஒன்றை நாலு பேர் நின்று பார்க்க வேண்டும் என்று ஓர் ஆசை வந்தது. பாவம், வரட்டுமே. நமக்கெல்லாம் வராததா?

அசல் கடிகாரம் வாங்க வேண்டுமானால் அந்த ஊரில் உள்ள அத்தனை பேரும் ஒரே நாளில் பல்லை இழந்திருக்க வேண்டும். ஆகவே அதே முகமும் அதே முள்ளும் அதே எடையும் கொண்ட நகல் ஒன்றைக் கணினி வழியாக எங்கிருந்தோ வரவழைத்தான். அனுப்புவதற்கு முன்னால் விற்கிறவன் ஆறு படங்கள் அனுப்பினான். அவற்றைப் பெரிதாக்கி, எழுத்து சாய்ந்திருக்கிறதா, தேதிக் கட்டம் நடுவில் இருக்கிறதா என்று இரண்டு நாள் பார்த்தான். வந்ததும் அதன் துடிப்பைக் கேட்டுக் கோடு போட்டுக் காட்டும் சின்ன இயந்திரத்தில் வைத்தான். நாளுக்கு நாலு நொடி வேகம். டம்ளர் தண்ணீரில் ஒரு மணி நேரம் போட்டு வைத்தான். கண்ணாடிக்குள் ஆவி கட்டவில்லை. பிறகு முதுகுத் தகட்டைத் திறந்து, முட்களை மாற்றி, கூர்மையாக இருந்த ஓரங்களைப் பல்லுக்கு மெருகேற்றும் சக்கரத்தில் பிடித்து மழுக்கினான். புதுசின் பளபளப்பு போவதற்கு முகப்பின் புள்ளிகளைத் தேயிலைச் சாயத்தால் தொட்டான். அந்த ஒரு மாதம் அவன் சந்தோஷமாக இருந்தான். அதை நான் மறைக்க மாட்டேன்.

அப்புறம்தான் 'துல்லியப் பிரதிக் கைக்கடிகாரப் பற்றாளர் பேரவை' அவன் கண்ணில் பட்டது.

பேரவை, வாடகை நாற்காலிக் கடைக்கு மேலே இருந்த மாடியில் மாதம் இருமுறை கூடும். கீழே கடையில் கேட்டால் நாற்காலி கிடைக்கும் என்றாலும், உறுப்பினர்கள் அவரவர் வரிசைப்படிதான் உட்கார வேண்டும். தலைவர் தேர்வுத் துறையில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். பேசும்போது நடுநடுவே நிறுத்தி, எல்லாரும் எழுதிக்கொண்டார்களா என்று பார்ப்பார். செயலாளர் ஒல்லியான மனிதர். பதிவேட்டை மார்போடு அணைத்தபடியே உட்கார்ந்திருப்பார்.

கூட்டம் தொடங்கும்போது எல்லாரும் எழுந்து, தத்தம் கடிகாரத்தை நிறுத்தி, பத்து மணி பத்து நிமிஷத்தில் முள்ளை வைப்பார்கள். விளம்பரப் படத்தில் கடிகாரங்கள் அப்படித்தான் இருக்குமாம். அந்த நேரத்தில்தான் முகப்பு சிரிப்பதுபோலத் தெரியுமாம். அதனால் கூட்டம் முடியும்வரை அங்கே யாருக்கும் மணி தெரியாது. இருபத்தேழு கடிகாரங்கள் இருக்கிற அறையிலிருந்து ஒருவரைக் கீழே அனுப்பி, நாற்காலிக் கடைக்காரரிடம் மணி கேட்டு வருவார்கள்.

முதல் நாளே அவன் வாய் தவறி, "என்கிட்ட இருக்கிற போலி..." என்று ஆரம்பித்தான்.

அறை விறைத்துப்போயிற்று.

"எழுந்திருங்க," என்றார் செயலாளர் மெதுவாக. "பிரதின்னு மூணு தடவை சொல்லிட்டு உக்காருங்க."

சொன்னான். உட்கார்ந்தான்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "புதுசா வந்தவருக்காகச் சொல்றேன். போலிங்கறது வேற, பிரதிங்கறது வேற. நல்ல ஆலையில, நல்ல இரும்புல, மனசாட்சியோட செய்யறது பிரதி. அந்தப் பிரதியைப் பார்த்து எவனோ மட்டமா செஞ்சு, அதே ஆலையோடதுன்னு பொய் சொல்லி நம்ம தலையில கட்டறான் பாருங்க, அது போலி. போன மாசம் எனக்கே ஒருத்தன் அனுப்பிட்டான். அடுத்தவன் பேரைப் போட்டு விக்கறதுக்கு எப்படித்தான் மனசு வருதோ! நேர்மைங்கறதே இல்லாமப் போச்சு." சற்று நிறுத்தி, எழுதிக்கொண்டார்களா என்று பார்த்தார். "நாம யாரையும் ஏமாத்தறதில்லை. அவங்களா ஏமாறாங்க. அதை ஒழுங்காப் பதிவு பண்றது மட்டும்தான் நம்ம வேலை."

எல்லாரும் தலையாட்டினார்கள். இவனும் ஆட்டினான். தலையாட்டும்போது மனிதருக்குக் கழுத்து வலிப்பதில்லை பாருங்கள், அதுதான் பெரிய அபாயம்.

உறுப்பினராவதற்கு மூன்று கட்டம். முதல் கட்டத்தில் அவனுடைய கடிகாரத்தை ஐந்து பேர் லென்ஸ் வைத்துப் பார்த்து, இருபத்தாறு குற்றங்கள் கண்டுபிடித்தார்கள். அவற்றில் ஒன்று, இரண்டு எழுத்துகளுக்கு நடுவே ஒரு முடியின் கால்வாசி இடைவெளி. அதைப் பார்த்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டாம் கட்டத்தில் அந்தக் குற்றங்களை அவன் தன் கையாலேயே களைய வேண்டும். இதில் அவன் எல்லாரையும் வாயடைக்க வைத்தான். பல்லுக்குப் பூசும் பீங்கான் குழம்பால் முகப்பைச் சுற்றியிருந்த வளையத்தின் எண்களை நிரப்பிக் கொண்டுபோனபோது தலைவரே எழுந்து வந்து முதுகில் தட்டினார். இருபது வருஷத்தில் அவன் முதுகில் விழுந்த முதல் தட்டு அது. அந்த இடம் இரண்டு நாள் சூடாகவே இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, களத் தேர்வு. செயலாளர் மூன்று தாள்களை நீட்டினார். மேலே கொட்டை எழுத்தில் 'ஏமாந்தவர் விவரப் படிவம்' என்றிருந்தது. எவ்வளவு தூரத்திலிருந்து ஏமாந்தார், எத்தனை நொடி பார்த்தார், புருவம் உயர்ந்ததா, ஒன்றா இரண்டுமா, என்றெல்லாம் கட்டங்கள். அடியில் இரண்டு குறிப்புகள். தாம் ஏமாந்தது ஏமாந்தவருக்குத் தெரியக் கூடாது. ஏமாந்தவரின் கையொப்பம் கட்டாயம்.

"தெரியாம எப்படிங்க கையெழுத்து வாங்கறது?" என்று கேட்டான்.

"அதுலதான் உறுப்பினரோட தகுதி தெரியும்," என்றார் தலைவர். "இன்னொண்ணு. விதி பதினாலு. சொந்தக்காரங்க செல்லாது. சொந்தக்காரங்க ஏமாந்தா அது பாசம். நமக்கு வேண்டியது ஏமாற்றம்."

பல் டாக்டரிடம் பல்செட் ஒப்படைக்கும் சீட்டுகளுக்கு நடுவே ஒரு படிவத்தைச் செருகி வாங்கினான். வீட்டுக்காரரிடம், தண்ணீர்க் குழாய் மனுவோடு சேர்த்து வாங்கினான். மூன்றாவது ஆள் கிடைக்கவில்லை. தெருவில் கையை ஆட்டி ஆட்டி நடந்து பார்த்தான். எல்லாரும் தத்தம் செல்போனைப் பார்த்துக்கொண்டு போனார்கள். கெடு முடிய ஒருநாள் இருக்கும்போது அவன் அக்கா வந்தாள்.

அக்கா அவனைவிடப் பதினொரு வயது மூத்தவள். தோல் பை தைக்கும் கூடத்தில் முப்பத்தைந்து வருஷமாக வேலை. அவள் கைத்தையல் போட்ட பை என்றால் கூடத்து முதலாளி அதைத் தனியாக எடுத்து வைப்பார். அவன் பள்ளிக்கூடம் விட்டு வந்து அவள் பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் பாடம் படித்தான். மெழுகு தடவிய நூலை அவளுக்குக் கோத்துக் கொடுத்துக்கொண்டே வாய்ப்பாடு சொன்னவன்.

அவள் சாந்து அச்சுகளைத் தாண்டி உள்ளே வந்து, "இதுங்க எல்லாம் என்னடா, நான் வந்தாலே வாயைப் பொளக்குதுங்க," என்றாள்.

அவன் சிரித்தபடி வேண்டுமென்றே முழங்கைவரை சட்டையை மடித்து, கையை மேசைமேல் வைத்தான்.

அவள் பார்த்தாள். கையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாள். கடிகாரத்தையும், அதன் தோல் வாரையும், வாரின் அடிப்பக்கத்தையும் பார்த்தாள்.

"புதுசா?"

"ஆமா."

"அசலா?"

"ம்."

வாரின் ஓரத்தை விரலால் ஒருமுறை தடவினாள். அப்புறம் அவன் சட்டைக் கையை இறக்கிவிட்டு, "உனக்கு எடுப்பா இருக்குடா," என்றாள்.

பதினேழு நொடி என்று அவன் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தான். இதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனால் எண்ணினான்.

"அக்கா, சங்கத்துக்கு ஒரு சாட்சிக் கையெழுத்து வேணும்."

"எங்க போடணும்?" என்று கேட்டாளே தவிர என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை. அவள் போன பிறகு, 'உறவு' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினான். 'அறிமுகம்' என்ற கட்டத்தில் 'தெருவில் பார்த்த பழக்கம்' என்று எழுதினான். பேனா நன்றாகத்தான் எழுதிற்று.

ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. மூன்று படிவங்களில் ஒன்றைக் குலுக்கிப் போட்டு எடுத்ததாகவும், அதிலுள்ள ஏமாந்தவர் பேரவை முன் நேரில் வர வேண்டும் என்றும், தவறினால் மூன்று கட்டமும் ரத்து என்றும் எழுதியிருந்தது. குலுக்கலில் யார் வந்தார் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

அவன் அக்கா வீட்டுக்குப் போய்ச் சுற்றி வளைத்தான். "சங்கத்துல ஒரு விழா மாதிரி. நீ வந்து உக்காரணும். ரெண்டு கேள்வி கேப்பாங்க."

"வர்றேன். அதுக்கு ஏன் இப்படிச் சுவத்தைப் பார்த்துப் பேசற?"

"அங்க... என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத. சும்மா தெருவுல பார்த்த பழக்கம்."

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க யாருங்க? எங்க வீட்டுக்குள்ள எப்படி வந்தீங்க?" என்று சொல்லிச் சிரித்தாள். அவனும் சிரித்தான்.

கூட்டத்தன்று அக்கா பெட்டியிலிருந்த நல்ல புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்தாள். இருபத்தேழு பேரும் பத்து பத்துக்கு முள்ளை வைத்து முடித்ததும், நடுவில் போட்டிருந்த தனி நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். செயலாளர் பதிவேட்டைத் திறந்து உரக்கப் படித்தார்.

"ஏமாந்தவர் மூணு. பெண். வயசு அம்பத்து மூணு. உறுப்பினர் வேட்பாளரோட உறவு: இல்லை. அறிமுகம்: தெருவில் பார்த்த பழக்கம். ஏமாந்த தூரம்: ஒரு சாண். பார்த்த நேரம்: பதினேழு நொடி. சரிங்களா?"

அக்கா அவன் பக்கம் திரும்பவில்லை. "சரிங்க," என்றாள்.

தலைவர் மூக்குக்கண்ணாடியை இறக்கினார். "அம்மா, இதுக்கு முன்னாடி நீங்க விலை ஒசந்த கடிகாரம் எதையாவது கையில தொட்டுப் பார்த்திருக்கீங்களா?"

"இல்லீங்க."

"உங்க குடும்பத்துல யாராவது வச்சிருக்காங்களா?"

"இல்லீங்க."

தலைவர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "இதான் சிக்கல். ஏமாறதுக்கும் ஒரு தகுதி வேணும். எதையும் பார்த்திராதவங்க ஏமாந்தா அது அறியாமை. அதையெல்லாம் கணக்குல சேர்த்துக்கிட்டா பேரவையோட தரம் என்ன ஆகறது? இவங்களை மூணாம் வகுப்புலதான் போட முடியும். மூணாம் வகுப்பு வச்சு உறுப்பினர் ஆக முடியாது." பிறகு அக்காவைப் பார்த்து ரொம்ப மரியாதையாக, "தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. உங்களைக் குறை சொல்லலை," என்றார்.

இந்த இடத்தில் அவன் எழுந்திருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அவனும் அப்படித்தான் நினைத்தான். நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்தான். பிடித்தபடியே இருந்தான்.

"சரி, ஒரு கேள்வி," என்றார் தலைவர். "இதை அசல்னு நம்பினீங்களா?"

"நம்பினேங்க."

"எதனால?"

"அவரு சொன்னாரு."

அறையில் சலசலப்பு. செயலாளரின் பேனா நின்றது. தலைவர் கையை உயர்த்தினார். "ஆளை நம்பினா செல்லாதும்மா. கடிகாரத்தை நம்பியிருக்கணும். இவரு மொகத்துக்காக நம்பினீங்களா, கடிகாரத்துக்காக நம்பினீங்களா? யோசிச்சுச் சொல்லுங்க. இவரோட ஆறு மாச உழைப்பு உங்க பதில்லதான் இருக்கு."

அக்கா யோசித்தாள். அப்போதும் அவனைப் பார்க்கவில்லை.

"கடிகாரத்துக்காகத்தாங்க. இவரை எனக்கு என்னங்க தெரியும்?"

அவன் பார்வை தரையில் விழுந்தது. அங்கே நாற்காலிக் கால்கள் உராய்ந்த கீறல்கள் இருந்தன. அவற்றை எண்ண ஆரம்பித்தான்.

"கடிகாரத்துல எது?" என்றார் தலைவர் விடாமல்.

"அந்தத் தோல் வாருங்க. நான் முப்பத்தஞ்சு வருஷமா தோல்லதான் வேலை பாக்கறேன். ரெண்டு ஊசி போட்டுக் கையால தைச்ச தையல் அது. அந்த நேர்த்தியைப் பார்த்ததும் இது பெரிய இடத்துச் சாமான்னு முடிவு பண்ணிட்டேன்."

பல்காரன் நிமிர்ந்தான். இரண்டு ஊசி போட்டுக் கையால் தைத்தால் ஒவ்வொரு தையலும் சாய்ந்த மழைபோல நிற்கும். இயந்திரத் தையல் நேராகப் படுத்துக் கிடக்கும். இதை அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான். எட்டு வயதில் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே எது எது என்று சொல்லுவான். அவன் கையில் இருந்த வாரில் தையல் நேராகப் படுத்துக் கிடந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்த ஐந்து பேரும் அதைப் பார்க்கவில்லை, ஏனென்றால் வார் அவர்களுடைய பட்டியலில் இல்லை. அக்கா அன்றைக்கு வாரின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். பதினேழு நொடி. அவளுக்கு ஒரு நொடியே அதிகம்.

முப்பத்தைந்து வருஷத் தொழிலை இருபத்தேழு ஆண்களுக்கு முன்னால் கழற்றி வைத்துவிட்டு, மடியில் கை கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் அவள்.

தலைவர் எழுந்துவிட்டார். "தொழில் தெரிஞ்சவங்க ஏமாந்திருக்காங்க! நம்ம பேரவை வரலாத்துலயே இது முதல் தடவை. மூணாம் வகுப்பு இல்லை. முதல் வகுப்பு! எழுதிக்கோங்க, முதல் வகுப்பு ஏமாந்தவர்!"

கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று. எவ்வளவு நேரம் என்று சொல்ல அங்கே ஒரு கடிகாரமும் ஓடவில்லை.

அடுத்தது தெளிவுறுத்தல் சடங்கு. செயலாளர் ஓர் அட்டையைப் பார்த்துப் படித்தார்: "மதிப்பிற்குரிய ஏமாந்தவரே, தாங்கள் கண்டது அசல் அன்று. தாங்கள் ஏமாந்தீர்கள். தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி."

அக்கா வாயில் கை வைத்து, "அடடா! அப்படியா?" என்றாள். ஒருமுறை போதாது என்று நினைத்தாளோ என்னவோ, "அடடா!" என்று இன்னொரு தரமும் சொன்னாள். அவளுக்கு ஒரு பரிசுக் கோப்பை கொடுத்தார்கள். அவனுக்கு ஒரு பித்தளைச் சின்னம். அதைக் குத்திவிடும்போது தலைவர் அதே இடத்தில் முதுகில் தட்டினார்.

அவள் முதலில் படியிறங்கிப் போய்விட்டாள். அவன் தெருவுக்கு வந்தபோது பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவன் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து செயலாளர் ஓடி வந்தார்.

"அக்கா! அக்கா! கோப்பையை விட்டுட்டு வந்துட்டீங்களே!"

எவ்வளவு சுலபமாக வந்தது பாருங்கள் அவர் வாயில். வழி கேட்பவன் சொல்கிற சொல். பழக்காரி முதல் பஸ்ஸில் இடம் கேட்கிறவள் வரை யாரை வேண்டுமானாலும் யார் வேண்டுமானாலும் கூப்பிடுகிற சொல். அதை அவன் அந்த மாடியில் சொல்லியிருந்தால்கூட ஒருவருக்கும் சந்தேகம் வந்திருக்காது. அதையும் சொல்லவில்லை அவன்.

அக்கா கோப்பையை வாங்கிக்கொண்டாள். பஸ் வந்தது. செயலாளருக்கும் அதே வழிதான்; மூன்று பேரும் ஏறினார்கள். அவள் முன்பக்கம் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து கோப்பையைப் பக்கத்து இருக்கையில் வைத்தாள். கண்டக்டர் வந்தார். அவனோடு பஸ் ஏறினால் அவள் "ரெண்டு" என்று சொல்லித்தான் பழக்கம். அவன் சம்பாதிக்க ஆரம்பித்த பிறகும் அப்படித்தான்.

"ஒண்ணு," என்றாள்.

கண்டக்டர் அவனிடம் வந்தார். அவளுடைய நிறுத்தத்தின் பெயரையே சொன்னான்.

பக்கத்தில் நின்ற செயலாளர் திரும்பினார். "உங்க பட்டறை அந்தப் பக்கம் இல்லையே சார்?"

"எங்க அக்கா வீடு அங்க."

"உங்களுக்கு அக்கா இருக்காங்களா? சொல்லவே இல்லையே."

"இருக்காங்க," என்றான். பிறகு, பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி, "அதோ உக்காந்திருக்காங்களே, அவங்கதான் என் அக்கா. கூடப் பொறந்த அக்கா. நான் படிவத்துல பொய் எழுதிட்டேன்," என்றான்.

செயலாளரின் கை தானாகப் பதிவேட்டைத் தடவிற்று. முகம் வெளுத்துவிட்டது. முன்னால் போய்க் குனிந்து, "அம்மா, இவரு உங்க தம்பியா?" என்று கேட்டார்.

அக்கா திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் சட்டையில் மின்னிய பித்தளைச் சின்னத்தையும் பார்த்தாள்.

"யாருங்க இவரு?" என்றாள். "அதான் மேலேயே சொன்னேனேங்க. தெருவுல பார்த்த பழக்கம். மனசு நல்ல மனசு போல இருக்கு. ஏமாத்திட்டோமேன்னு வருத்தப்பட்டு அக்காங்கறாரு."

"அக்கா!" என்றான் அவன்.

"பாருங்க," என்றாள்.

செயலாளர் நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டார். திரும்பி வந்து அவன் காதருகே, "குற்ற உணர்ச்சி சார். புதுசுல எல்லாருக்கும் வரும். எனக்கும் வந்துது. பத்து நாள்ல போயிடும்," என்றார். பதிவேட்டைப் பிரித்து எழுதிக்கொண்டார்: ஏமாந்தவர் உறுதியாக இருக்கிறார். இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கும்போது அவன் தோளையும் ஒருமுறை தட்டிவிட்டுப் போனார்.

பஸ் கிளம்பிற்று. அக்கா பக்கத்து இருக்கையில் இருந்த கோப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"வந்து உக்காருடா," என்றாள் வெளியே பார்த்தபடி. "கால் வலிக்கும்."

இடம் இருந்தது. அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் நிறுத்தம் வரும்வரை நின்றுகொண்டே போனான்.